அடிக்கட்டை

பற்றுச்சீட்டுப் புத்தகத்தைக் கமக்கட்டில் செருகிக்கொண்டு
விசுவமடுச் சந்தியில் இறங்குகிறேன்.
பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கட்டு இடிந்துபோயிற்று.
இருபது பை சீமெந்து.
யாரிடம் கேட்பதென்று பொருளாளர் யோசிப்பதில்லை:
போன வருசம் தந்தவரிடம்.

தராதவரின் வாசலைக் கால் தானாகக் கடந்துவிடும்.
தந்தவருக்குத்தான் தைமாதத்து வெய்யிலோடு
என் முகத்தையும் பார்க்கிற தொல்லை.

தவபாலசிங்கத்தின் இரும்புக்கடை.
மீளக் குடியேறின இரண்டாம் வருசம்
தறப்பாளுக்குக் கீழே அவருடைய முழுக்கடையும்
நாலு மண்வெட்டி, ஒரு பெட்டி ஆணி, பத்துப் பை சீமெந்து.
மாரி உள்ளே வந்து
இரண்டு பையைக் கல்லாக்கியிருந்தது.
"கொண்டுபோங்கோ" என்றார்,
என் கண்ணைப் பாராமல்.
தூக்கும்போதே தெரிந்தது.
இருந்தும் எழுதினேன்:
சீமெந்து, இரண்டு பை, நன்றியுடன்.
சைக்கிள் கரியரில் கட்டி உழக்கப்போகும் களைப்புக்கு
எதையாவது எழுதவேண்டியிருந்தது.

அந்தக் கற்கள் இப்போதும் குழாயடியில்.
பிள்ளைகள் ஏறி நின்று கால் கழுவுகிறார்கள்.
பையின் மடிப்புக்கூட அப்படியே அச்சாய்க் கிடக்கிறது.

அடுத்த தையில் வாய் திறக்கமுன்
அடிக்கட்டையை விரித்து வைத்தேன்.
குனிந்து வாசித்தார்.
ஒற்றை வரியை அவ்வளவு நேரம் வாசித்தவரை
நான் கண்டதில்லை.
பிறகு பொடியனைக் கூப்பிட்டு
நாலு புதுப் பை இறக்கச் சொன்னார்.
அதற்கடுத்த வருசம் ஆறு. பிறகு பத்து.
பிறகு கூரைத்தகடு,
விளையாட்டுப் போட்டிக்கு ஒலிபெருக்கிக் கூலி.

அரிசி ஆலை அமிர்தகௌரி
பேனையை வாங்கினால் முதலில் மேல்வரியைப் பார்ப்பார்.
அவர் பத்தென்றால் இவர் பதினொன்று.
பழைய இரும்பு செயினுலாப்தீன் நானா
பெயர் எழுதவேண்டாம் என்பார்,
தந்தது தனக்கு ஞாபகம் இருக்கக்கூடாதாம்.
ஆனால் வருசா வருசம் அதே ஏழாயிரத்து ஐந்நூறு,
சதம் பிசகாது.

இந்த வருசம் தவபாலசிங்கத்தின் லொறியை
லீசிங்காரர் கொண்டுபோய்விட்டார்கள்.
பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால்
தட்டுகள் வெறுமையாய்த் தெரிகின்றன.
நான் அடிக்கட்டையை விரிக்கவில்லை.

"போன வருசம் எத்தினை பை?"
"இரண்டு."
நிமிர்ந்து பார்த்தார்.
"மாஸ்டர், முதல்முதல் எனக்கு எழுதின பொய்யும்
இரண்டுதான்.
அதுக்குத்தான் இவ்வளவு நாளும் வட்டி கட்டினனான்."

சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.
பொடியன் இரண்டு பையைக் கொண்டுவந்து வைத்தான்.
பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன், பழக்கதோசம்.
மாவைப்போல் இளகிற்று.

எழுதினேன். இரண்டு பை, நன்றியுடன்.

இனி ஆலைக்குப் போகவேண்டும்.
இன்னும் பதினெட்டு.
அமிர்தகௌரி மேல்வரியைப் பார்ப்பார்.
ரோட்டோரப் பாலை நிழலில் சைக்கிளை நிறுத்தி
புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டிக்கொள்கிறேன்.