ஒன்றரை மாடி

மீ கோரெங் கொண்டுவந்தவர்
எங்கள் ஈஷூன் புளோக்கின் கீழே நின்று அழைத்தார்.
"ஒன்பதாம் மாடி, சரி. எந்த வீடு?"
வீட்டு எண்ணை எழுத மறந்திருந்தேன்.
மாடி மட்டும் தெரிந்தால்
தாழ்வாரம் முழுக்க நடக்க வேண்டும்,
கதவு கதவாய், செருப்புகளைத் தாண்டி.
வீட்டு எண் மட்டும் தெரிந்தால்
லிஃப்டில் ஏறி ஏறி
எல்லா மாடியிலும் அதே எண்ணைத் தட்ட வேண்டும்.
இரண்டில் எது விட்டுப்போனாலும்
மீ ஆறிவிடும்.

மறுநாள் புவியியல் பாடம்.
திரையில் அட்சரேகை என்று வந்ததும்
எனக்குத் தாழ்வாரம் தெரிந்தது.
தீர்க்கரேகை, லிஃப்ட்.
பூமி என்கிற புளோக்கில்
வாய்ட் டெக் இருக்கும் இடத்தில் நிலநடுக்கோடு.
அங்கிருந்து வடக்கே தொண்ணூறு மாடி,
தெற்கே தொண்ணூறு.
நாங்களோ வடக்கே ஒன்றரை மாடி,
அதுவும் முழுதாக இல்லை:
ஒரு பாகை, இருபத்தாறு நிமிடம்.

ஆனால் விசித்திரமான புளோக் இது.
மேலே போகப் போகத் தாழ்வாரம் சுருங்கும்.
தொண்ணூறாம் மாடியில் தாழ்வாரமே கிடையாது,
ஒரு புள்ளி.
எல்லா லிஃப்டும் அங்கே ஒரே கதவில் திறக்கும்.
"அங்க வீட்டு எண் எதற்கு?
மாடி எண்ணே போதுமே" என்றாள் ஹஸ்லினா.
வகுப்பு சிரித்தது. ஆனால் அவள் சொன்னது சரி.

"பாகைக்குள்ள நிமிடம் எப்படி வந்துச்சு?"
ஜுன் காய் கேட்டான்.
பாகையை அறுபதாய் வெட்டினால் ஒரு துண்டு நிமிடம்.
கடிகாரத்து நிமிடம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்
என்று புத்தகத்தில் கட்டம் போட்டிருந்தது.
நான் குழப்பிக்கொண்டேன், வேண்டுமென்றே.
பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம்.
அப்படியானால் பாகையின் ஒரு நிமிடத்துக்கு
கடிகாரத்தில் நான்கு விநாடி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
என் குடும்பத்தை எழுதினேன்.
அம்மா: சாங்கி, விமானச் சரக்குக் கிடங்கு,
கிழக்கே நூற்று மூன்று பாகை ஐம்பத்தொன்பது நிமிடம்.
அப்பா: துவாஸ், கப்பல் பட்டறை,
அதே நூற்று மூன்று, முப்பத்தெட்டு நிமிடம்.
இருவரும் கிட்டத்தட்ட ஒரே தாழ்வாரம்.
ஷிஃப்ட்தான் வேறு வேறு.
வாரத்தில் ஆறு நாள் அவர்கள் சந்திப்பது
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில்:
'கேஸ் மாத்தணும்.' 'மாத்தியாச்சு.'

வித்தியாசம் இருபத்தொன்று. நான்கால் பெருக்கு.
எண்பத்து நான்கு விநாடி.
தினமும் எண்பத்து நான்கு விநாடி
சூரியன் அம்மாவிடம் வந்திருக்கும்,
அப்பாவிடம் வந்திருக்காது.
நடுவே ஈஷூனில் நான்:
அம்மாவுக்கு முப்பத்தாறு விநாடி பின்னால்,
அப்பாவுக்கு நாற்பத்தெட்டு முன்னால்.

குடும்பக் குழுவில் எழுதிவைத்தேன்:
நாளைக்கு சூரியன் தெரிந்த உடனே செய்தி போடுங்கள்.
இருவரும் கட்டைவிரல் போட்டார்கள்.

காலை, பேருந்து நிறுத்தம்.
ஏழு மணி தாண்டி, அம்மா:
"வந்தாச்சு. ஓடுபாதை முழுக்கச் சிவப்பு."
அவள் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை.
நான் விநாடி எண்ணினேன்.
முப்பத்தாறில் என் புளோக்குகளுக்கு இடையே ஒரு வெளிச்சம்,
அதுதான் சூரியன் என்று வைத்துக்கொண்டேன்.
எண்பத்து நான்கு.
நூறு.
பேருந்து வந்து, போய்விட்டது.

பதினோரு நிமிடம் கழித்து அப்பா:
"கிரேன் மறைக்குது. இப்பதான் தெரியுது.
அம்மாவுக்கும் சிவப்பாவா இருந்துச்சு?"

பயிற்சித் தாளில்
எண்பத்து நான்கு என்றே எழுதினேன்.
பிழைக்குக் காரணம் என்ற இடத்தில்
'கிரேன்' என்று எழுதி,
தாமதமாக வந்ததற்கும்
அதையே காரணமாகச் சொன்னேன்.