இரண்டு பாகை

துளையிடும் எந்திரம் செவ்வாய்க்கிழமை வந்தது.
நூற்றொன்பது வெள்ளி, அனுப்புச் செலவு இலவசம்,
கூடவே கேட்காத ஒரு டார்ச் லைட்.
பெட்டியை நான் வீசவில்லை.
என் கெண்டி ஒன்றை அதில் வைத்து
யாருக்காவது அனுப்பலாம்.

ஆயர் ஈத்தாமில் பதினாலாவது மாடி.
மாலை ஐந்துக்குமேல் சுவரைத் துளைக்கக் கூடாதென்று
மின்தூக்கியில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்கள்,
கீழே யாரோ பேனாவால் ஒரு கெட்ட வார்த்தை.
தர்மசீலன் பாயான் லெப்பாஸிலிருந்து வரவே ஆறேகால் ஆகும்.
ஆகவே நானே பிடித்தேன்.

காணொளியில் அந்தப் பையன்
வெண்ணெயில் கத்தி விடுவதுபோல் விட்டான்.
இங்கே சுவர் பல்லைக் கடித்தது.
தலைமுடி, புருவம், ஆறவைத்த சோறு, எல்லாம் சாம்பல் தூள்.
பக்கத்து வீட்டு ரொஸ்னா அக்கா
அந்தப் பக்கமிருந்து மூன்று முறை தட்டினார்.
நானும் மூன்று முறை தட்டினேன்.
என்ன பேசிக்கொண்டோம் என்று
இருவருக்கும் தெரியாது.

சுவர்ப்பலகை ஏறிவிட்டது.
மேலே ஆறு கண்ணாடிக் கெண்டிகள்,
வாடவே தெரியாத ஒரு பிளாஸ்டிக் செடி.
பின்னணி இல்லாதவளிடம் யார் வாங்குவார்கள்
என்று கேட்டது நாற்பது வெள்ளி வகுப்பு.
முதல் மூன்று நொடிக்குள் சிரி.
பெயர் சொல்லிக் கூப்பிடு.
கட்டிலுக்கு அடியில் ஐம்பது கிடந்தாலும்
கடைசி ஐந்து என்று சொல்.

மட்டம் பார்க்கிற செயலி சொன்னது:
இடப்பக்கம் இரண்டு பாகை சரிவு.
மணி நாலு ஐம்பத்தைந்து.
நேரலை எட்டரைக்கு.

கைப்பேசி நிற்கும் முக்காலியின் வலக்காலுக்கு அடியில்
சாமி மாடத்துத் தீப்பெட்டியைப் படுக்கவைத்தேன்.
திரையில் பலகை நேரானது.
சாய்ந்தது மற்றதெல்லாம்,
கதவு, நாள்காட்டி, நாற்காலி.
துண்டோடு குறுக்கே போன தர்மசீலன்
மேட்டில் ஏறுகிறவர்போல் ஏறினார்.

முப்பத்தேழு பேர் பார்த்தார்கள்.
ஒருவர் என் அண்ணி.
இன்னொருவர் நான், வேறொரு கணக்கில்.

சிரித்தேன். பெயர் சொன்னேன். கடைசி ஐந்து என்றேன்.
பலகையில் நின்ற கெண்டிக்குள்
உச்சக் கோடு வரை தண்ணீர் ஊற்றினேன்.

தண்ணீர் எந்த வகுப்புக்கும் போனதில்லை.
இடப்பக்கம் கோட்டைத் தொட்டது,
வலப்பக்கம் ஒரு நெல்மணி கீழே நின்றது.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு பவளராணி கேட்டாள்:
அக்கா, கெண்டி கோணலா, வீடு கோணலா?

இதற்கு வகுப்பில் பதில் இல்லை.
கூட ஒரு சிரிப்பு முகம் போட்டிருந்தாள்,
நாற்பது வெள்ளி அதை எனக்குக் கற்றுத்தந்திருந்தது,
உடனே நீயும் ஒன்று போடு என்று.
நான் குனிந்து தீப்பெட்டியை எடுத்துவிட்டேன்.
கதவு நிமிர்ந்தது. பலகை சரிந்தது.
நான் மாட்டியது, முதல் தடவை, என்றேன்.

முப்பத்தேழு முப்பத்தொன்றானது.
இருபத்துநாலு.
பிறகு ஒருவர் கேட்டார், துளைக்கும் எந்திரம் எங்கே வாங்கினீர்கள்?
இன்னொருவர், கான்கிரீட்டில் போகுமா?
பதினொன்று வரை அதைத்தான் பேசினோம்,
எந்த முனை, எவ்வளவு அழுத்தம்,
தூசிக்கு மூக்கில் என்ன கட்டுவது.
கெண்டி ஒன்று போனது. அண்ணிக்கு.
டார்ச் லைட் இரண்டு பேர் கேட்டார்கள்.

பலகையைச் சரிசெய் என்று
கைப்பேசி தினமும் காலை பத்துக்கு மணியடிக்கிறது.
பசியாறியபடியே ‘பிறகு’ என்பதைத் தொடுகிறேன்.
தர்மசீலன் அதைத் தாண்டும்போதெல்லாம்
தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கிறார்,
தனக்கே தெரியாமல்.

நேற்று சுவரில் மறுபடியும் மூன்று தட்டு.
போய்க் கதவைத் திறந்தால்
ரொஸ்னா அக்கா, கையில் ஒரு பலகை.
கோணலானாலும் பரவாயில்லை என்கிறார் மலாயில்.
மணி நாலரை.
எந்திரத்தில் ஒரு விளக்குதான் எரிகிறது,
அதுவும் சிவப்பு.