நாற்பத்து நான்கு அடி

ஜெலுத்தோங்கில் ஒரு தரைவீடு.
ஓடு பதிக்க அளவெடுக்கப் போயிருந்தேன்.
டேப்பின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை ஸோ மின் கையில்.
எங்களுக்குப் பொதுமொழி
பாதி மலாய், மீதி எண்கள்.

முகப்பிலிருந்து தொடங்கினோம்.
சாலை வளைகிற வளைவுக்கு வெட்டிய தரை,
நான்கு பக்கத்தில் ஒரு சோடிதான் இணை.
சரிவகம் என்று குறித்தேன்.
எட்டிப் பார்த்த அண்ணன் லோகசந்திரன்
"சதுரம்னு போடும்மா, பாக்க லட்சணமா இருக்கும்" என்றார்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
உள்ளே போனேன்.

கூடத்தில் புதுச் சுவர்.
சிமெண்டு இன்னும் காயவில்லை, தொட்டால் விரலில் ஒட்டியது.
இந்தப் பக்கம் அண்ணனுக்கு: பன்னிரண்டுக்குப் பத்து.
அந்தப் பக்கம் தம்பி குகநேசனுக்கு: பதினாறுக்கு ஆறு.

எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்றால் மட்டும் நம்பமாட்டேன்.
இணைகரமும் அப்படிச் சமமாய்த்தான் நிற்கும்,
தோளை ஒருபுறம் சாய்த்துக்கொண்டு.
மூலைக்கு மூலை இழுத்தோம்.
அண்ணன் அறை பதினைந்தடி ஏழரை அங்குலம்,
மற்ற மூலையிலும் அதே.
தம்பி அறை பதினேழடி ஓர் அங்குலம்,
மற்ற மூலையிலும் அதே.
அப்பழுக்கில்லாத இரண்டு செவ்வகங்கள்.
கொத்தனார் நாணயமானவர்.

"சுத்தி வந்து பாருங்க" என்றார் அண்ணன்.
"அங்க நாப்பத்துநாலு அடி, இங்க நாப்பத்துநாலு.
நூல் புடிச்சுப் பிரிச்சது."
தம்பி தலையாட்டினார்.
நானும் கூட்டிப் பார்த்தேன்.
உண்மைதான்.

மதிப்பீட்டுத் தாளில் எழுதினேன்.
சுவரடிப் பட்டை: நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கு.
இரண்டடிச் சதுர ஓடு: முப்பது, இருபத்து நான்கு.

தம்பி மனைவி யோகாம்பிகை
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு
தாளை வாங்கினாள்.
"பட்டை ஒண்ணா வருது.
ஆறு ஓடு எங்க போச்சு?"

வெளியே ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்தார்.
யாரும் போகவில்லை.

கூட்டினால் சமம்.
பெருக்கினால் இல்லை.
தினம் கூட்டிப் பெருக்குகிறவளுக்கு
அது முன்பே தெரிந்திருக்கும்.
சுவர் எழும்பிய நாளிலிருந்து
துடைப்பம் சீக்கிரம் முடிந்துபோகிறதே என்று
யோசித்திருப்பாள்.

பேச்சை மாற்ற
"அடுப்படியும் இருக்கே" என்றேன்.

பத்துக்கு எட்டாக இருந்திருக்கவேண்டிய அறை.
பின்சந்துச் சாக்கடை ஒரு மூலையைத் தின்றிருந்தது:
ஒருபுறம் மூன்றடி, ஒருபுறம் நான்கு,
குறுக்கே ஐந்தடிச் சுவர்.
ஆக ஐந்து பக்கம், ஐங்கோணம்,
ஆனால் புத்தகத்தில் வரைகிற அழகான ஐங்கோணம் இல்லை.
எண்பதில் முக்கோணத்தின் ஆறு போக எழுபத்து நான்கு.
சுற்றிவர முப்பத்து நான்கு.
அதை யாருக்கென்று இன்னும் பேசவில்லையாம்.
தொட்டியில் இரண்டு வீட்டுப் பாத்திரமும் கிடந்தது.

பட்டர்வொர்த் போகிற ஃபெரியில்
ஸோ மின் தூங்கிவிட்டான்.
தாளின் பின்புறம் சும்மா கணக்குப் போட்டேன்.
இரண்டு அறையும் அடுப்படியும் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூறு.
பாதி நூற்று நாற்பத்தைந்து.
அப்படியானால் அடுப்படியில்
அண்ணனுக்கு இருபத்தைந்து, தம்பிக்கு நாற்பத்தொன்பது.
ஐயைந்து. ஏழேழு.
அட, இரண்டும் சதுரம்!
லோகசந்திரன் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டதே என்று
கடலைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு வரைந்து பார்த்தேன்.
ஏழும் ஐந்தும் பன்னிரண்டு.
அந்த அறையின் நீளம் பத்துதான்.
எண்ணாகப் பொருந்துகிறது,
தரையில் பொருந்தவில்லை.
போதாததற்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று, கேஸ் ஒன்று.

மதிப்பீடு பதினான்கு நாள் செல்லும் என்று
தாளின் அடியில் அச்சடித்திருக்கும்.
இன்று ஒன்பதாம் நாள்.
அடுப்படி ஓட்டுக்கு
நிறம் கேட்டு அனுப்பியிருக்கிறேன்,
இருவருக்கும் அல்ல,
அவளுக்கு.