உரம்

ஓல்ட்டனில் நவம்பர் என்றால்
எதிர்ப் பிளாட்பாரம் இருக்காது,
அறிவிப்பு மட்டும் இருக்கும்.
எல்லோரும் ரயில் மாறிப் போகும் ஊரில்
நான் இறங்கி வெளியே நடக்கிறேன்.
பத்தே கால். கைரோபிராக்டர் டாக்டர் ஹுன்சிகர்,
பேக்கரிக்கு மேல் இரண்டாம் மாடி.

நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கணக்கில் சம்பளம்.
கூட்டாதே, குறைக்காதே என்று எழுதிய விதி இரண்டு.
குழந்தையைத் தூக்காதே என்பது
நானே போட்டுக்கொண்டது.

செண்பகவல்லி, கோவில்பட்டி. வந்து பதினாலு மாதம்.
கணவன் ஸ்டேஷன் பக்கத்து உணவகத்தில் சமையல்.
மடியில் நித்திலன், ஏழு வாரம்.
வலப்பக்கம் மட்டுமே பார்க்கிறவன்.
இடப்பக்கம் திருப்பினால்
கீழே ரொட்டி வாங்குகிறவர்கள்
கூரையைப் பார்க்கும்படி அலறுகிறவன்.

"எப்போதிலிருந்து?" டாக்டர் கேட்டார்.
நானும் கேட்டேன்.
"உரம் விழுந்திருக்குக்கா" என்றாள்,
எல்லாம் சொல்லி முடித்தவள் போல.

எனக்குத் தெரிந்த உரம்
மூட்டையில் வரும். அப்பா
பால்கனித் தக்காளிக்குப் போடுவார்.
இன்னொன்று நெஞ்சில் இருப்பது,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது.
இரண்டில் எது விழும்? எங்கிருந்து?
என் தமிழ் சாவகச்சேரியில் கிளம்பி
சூரிக் வழியாக வந்தது. அதற்கு இந்த நிறுத்தம் இல்லை.

"எனக்கு விளங்கேல்ல" என்றேன்,
டாக்டரிடம் அல்ல, அவளிடம்.

கழுத்தைத் தாங்காமல் அள்ளினால்,
தூக்கத்தில் தப்பாகப் புரண்டால்
பிள்ளைக்குள் ஏதோ பிசகிவிடுமாம். அதுதான்.
ஊரில் சேலையில் கிடத்தி
ஆளுக்கொரு முனை பிடித்து
உருட்டி உருட்டி எடுப்பார்களாம்.
"சேலை இருக்கு. அந்த முனையைப் பிடிக்கத்தான்
ஆள் இல்ல."

ஜெர்மனில் நான் சொன்னது இவ்வளவு:
வலு, பிள்ளைக்குள்ளே, விழுந்துவிட்டது என்கிறார்.
டாக்டர் சிரிக்கவில்லை.
பேனாவை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார்.
காய்ச்சல் உண்டா, குழந்தை மருத்துவர் பார்த்தாரா,
பால் எவ்வளவு, மலம் எப்படி.
இந்தச் சொற்களுக்கெல்லாம் இரண்டு மொழியிலும்
நாற்காலி தயாராக இருக்கிறது.

"நெட்டி முறிப்பாங்களா?"
கேள்வி என் வாயைத் தாண்டுவதற்குள்
டாக்டர் அவள் முகத்தைப் படித்துவிட்டார்.
அவளுடைய மணிக்கட்டை எடுத்து
சுண்டுவிரலால் தொட்டார்.
பழுத்ததா என்று பார்க்கிற அழுத்தம்.
அதற்கு என்னைக் கேட்கவில்லை.

"சரியாயிடுமா?"
மாஞ்ச்மால் என்றார் டாக்டர்.
சில சமயம்.
கூட்டாதே, குறைக்காதே.
"சில பிள்ளைக்குச் சரியாகும். சில பிள்ளைக்கு
தானே சரியாகும் நாளும் அதே நாளாயிருக்கும்."
முதல் பாதிதான் டாக்டர் சொன்னது.

இரண்டு விரல், அந்தச் சின்னக் கழுத்தின் பின்னே.
சத்தமில்லை.
கீழே ஒரு சரக்கு ரயில் போனது, ஜன்னல் நடுங்க,
வண்டி வண்டியாக, முடிவே இல்லாமல்.
நித்திலனின் தலை
இடப்பக்கம் நகர்ந்தது, ஒரு நகக்கண் அளவு.
விரலுக்கா, ரயிலுக்கா,
அம்மா நின்ற பக்கம் அது என்பதாலா?
செண்பகவல்லி என்னைப் பார்த்தாள்.
மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள்.
வெள்ளிக்கிழமை எனக்கு சோலோதூர்ன் நீதிமன்றம்,
ஒரு விவாகரத்து. வேறொருவர் வருவார்.
பிறகு என்ன ஆனதென்று
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

படிவத்தில் ஐம்பது நிமிடம் என்று நிரப்பினேன்.
பனியில் ரயில் வந்து நின்றபின்தான் தெரிந்தது.
ஏறும்போது என் வலக்கை
இல்லாத ஒரு துணியின் முனையை
இறுகப் பிடித்திருந்தது.