இரவல்

புதன் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு காசில்லை.
டண்டாஸ் தெருச் சேற்றுப்பனியை உதறி
கோட்டுகளைக் கொடுத்து
நூற்றுப்பதினேழாம் வில்லையை வாங்கினோம்.

மூன்றாம் மாடி. பவளராணிக்குக் குதிகால் உளைவு.
ஏரிகள், ஏரிகள், மறுபடியும் ஏரி.
ஒற்றைப் பைன் மரம். கரையில் ஒரு மனிதரும் இல்லை.
"இந்தக் குளிரைப் பார்க்கவோ உள்ளே வந்தனாங்கள்?"

அடுத்த சுவரில் படமே இல்லை.
இரண்டு ஆணி,
கொஞ்சம் வெளிறிய நாற்சதுரம்,
ஒரு சின்ன அட்டை:
வேறொரு நகரத்துக்கு இரவல் போயிருக்கிறது, மே வரை.

அங்கேதான் அவள் நின்றாள்.
காவலாளி கிட்ட வந்தார்,
எதைத் தொடவேண்டாம் என்று சொல்வதெனத் தெரியாமல்
விலகிப் போனார்.
பின்னால் வந்த குடும்பமும் நின்றது.
அதில் ஒருவர் போனில் படம்கூட எடுத்தார்.

"என்னவாய் இருந்திருக்கும்?"
"ஏரிதான்."
"இல்லை. ஆரோ இருந்திருக்கினம்.
இடப்பக்கம் கூட வெளிறியிருக்கு, பாருங்கோ."

ஸ்காபரோ திரும்ப ஒன்பதரை.
சப்பாத்தைக் கழற்றாமலே போய்
பலசரக்குக் கடை தந்த கலண்டரைத் தூக்கிப் பார்த்தாள்.

எங்களுக்கு முன் இருந்தவர்களின்
ஆணித்துளை,
எங்கள் ஆணிக்கு ஒரு விரல் மேலே.