ஒன்பது டாலர் நாற்பது

முதல் பக்கமே செலவுக் கணக்கு:
1957 நவம்பர் 12. மின்விளக்கு வாங்கிய வகையில்
ஒன்பது டாலர் நாற்பது.
முன்மொழிந்தவர் ஒஸ்டாப் ஹுமெனியுக்.
வழிமொழிந்தவர் பெயரின் மேல்
காபிக் கோப்பையின் பழுப்பு வட்டம்.

கார்வெல் சிறுவர் ஐஸ் ஹாக்கிச் சங்கத்துக்கு
வயது அறுபத்தைந்து. மலர் போடுகிறார்கள்.
வரலாறு ஒரு பக்கம்,
மீதி முப்பதும் டிராக்டர் விளம்பரம்.
செயலாளர் என்பதால் அந்த ஒரு பக்கம் என் தலையில்.
ஐந்து குறிப்பேடுகளை அழுக்குத்துணிக் கூடையில் அள்ளிப்போட்டு
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தானியக் கிடங்கின் பின்னால், காற்று முட்டாத மூலையில்
தீயணைப்பு வண்டியின் தண்ணீரைத் தரையில் விட்டிருக்கிறார்கள்.
மைனஸ் முப்பத்தொன்று.
ஹுமெனியுக்கின் கையுறை குழாயோடு ஒட்டிக்கொள்ள
கையை மட்டும் உருவிக்கொண்டாராம்.
நள்ளிரவுக்குள் ஆறு பூச்சு. ஒவ்வொன்றும் காகித கனம்.

அதே இரவு மூன்றரை மணிக்கு
லிண்ட்க்விஸ்ட் வீட்டு மாட்டுக்கொட்டகை பற்றிக்கொண்டது.
வண்டி போனது. மணியடித்துக்கொண்டே போனது.
தொட்டியில் ஒரு சொட்டு இல்லை.

கறவைமாடு பதினொன்று
என்று எழுதி, அடித்து,
பன்னிரண்டு என்று திருத்தியிருக்கிறது.
"சங்கம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது.
நாளை மாலை ஆறு மணிக்கு
எட்டு வயதுக்குட்பட்டோர் பயிற்சி."

அந்த எட்டு வயதுக்குட்பட்டோரில் ஒருவன்
ஆர்விட் லிண்ட்க்விஸ்ட்.
அப்பன் அனுப்பினானா, தப்பித்து வந்தானா,
எழுதியவருக்கு அது முக்கியமாகப் படவில்லை.

ஜனவரிதோறும் ஒரு கடிதம் வரும்:
கொட்டகைக்கும் மாட்டுக்குமாக இரண்டாயிரத்து நூறு டாலர்.
ஜனவரிதோறும் ஒரே வரி:
நிதி இல்லாமையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையே சங்கத்துக்கு வரலாறும் நடந்தது.
அறுபத்திரண்டில் டன்மோர்க்காரர்களிடம்
பத்தொன்பதுக்குப் பூஜ்யம்.
கோல் காத்த பையன் அழுதான். முகமூடி இல்லாத காலம்,
கண்ணீர் இமையிலேயே உறைந்துவிட்டது.

அறுபத்தொன்பதில்
ஹுமெனியுக் மகள் ஸ்டெஃபானியா
ஸ்டீவ் என்று பதிந்து இரண்டு பருவம் ஆடினாள்.
ஒரே ஒருமுறை தலைக்கவசம் கழன்றது.
அன்றிரவே கூட்டம்.
ஏழுக்கு ஆறு என்ற வாக்கில் நீக்கம்.
ஏழில் ஒன்று அவள் அப்பாவுடையது.

எழுபத்து நான்கில் கூரை போட்டார்கள்.
எழுபத்தெட்டில் பனிப் பாரத்தில் அது கீழே வந்தது.
பாப்கார்ன் இயந்திரத்தைத் தவிர உயிர்ச்சேதம் இல்லை.

எண்பத்தைந்தில் இரண்டு தகப்பன்மார்
காலை ஐந்து மணித் தளம் யாருக்கு என்று அடித்துக்கொள்ள
சங்கம் இரண்டானது.
இரண்டிலும் கோல் காக்க ஆளில்லாமல்
மார்ச்சில் ஒன்றானது. சமாதானம் என்று எழுதியிருக்கிறது.

எண்பத்தொன்பதுக்குப் பிறகு கடிதம் இல்லை.
கல்லறைக்குப் போய் ஆண்டைச் சரிபார்த்தேன்.
கடன் தீர்ந்ததாகவும் குறிப்பு இல்லை,
தள்ளுபடியானதாகவும் இல்லை.
முப்பத்திரண்டு முறை ஒத்திவைத்து
அப்படியே நிற்கிறது.

ஆர்விட்டைப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயது,
இடுப்பில் உலோகம்.
"நல்ல பனி அது," என்றார்.
அடுப்பில் கெட்டில் கொதித்து அடங்கியது.
"மாடு கத்தினது இப்பவும் கேக்குது.
ஆனா, பனி நல்ல பனி."

மலர் அச்சுக்குப் போய்விட்டது.
இடமில்லை என்று கொட்டகையை எடுத்துவிட்டார் தலைவர்.
ஸ்டெஃபானியாவின் படம் உண்டு,
நம் முதல் வீராங்கனை என்ற பெரிய எழுத்தோடு.
கீழே யார் நீக்கினார்கள் என்பது இல்லை.

இந்த ஆண்டு பதிந்த பிள்ளைகள் பதினான்கு,
கோல் காக்கும் என் மகனைச் சேர்த்து.

செவ்வாய்க் கூட்டத்துக்கு நிரல் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஏழாவது பொருள்: லிண்ட்க்விஸ்ட் கணக்கு, நிலுவை.
எட்டாவது: வடக்கு மூலையில் மூன்று விளக்கு எரியவில்லை.

எட்டைத்தான் முதலில் எடுப்பார்கள்.