வைக்காத புள்ளி

ஜூன் பதினொன்று, இரவு ஒன்பதரை.
பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
ஆலை வாசலிலிருந்து காவேரிப்பட்டணம் சாலைவரை.
உள்ளே பட்டுவாடா புரோகிராம்
தொண்ணூற்றாறு என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டது.

எண்பத்தொன்பதில் எழுதியது.
எழுதியவர் பெயர் சம்பளப் பதிவேட்டில் இல்லை.
ஒன்பதில் தொடங்கும் பிழைகளுக்கு
மொழியில் பொருள் கிடையாதாம்,
விற்ற கம்பெனி வைத்ததே பொருள்.
அந்தக் கம்பெனியை இன்னொன்று விழுங்கி
அதை வேறொன்று விழுங்கி
கடைசியாக விழுங்கியது
இப்போது டயர் விற்கிறது.

கையேடு இருந்தது.
டின் மூடி அடுக்கும் அறையில்
தராசின் ஆடும் காலுக்கு முட்டாக.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நூற்றெண்பத்தாறுக்கு அடுத்து
நூற்றுத் தொண்ணூற்றொன்று.
நடுவில் இருந்தவை
எந்தப் போண்டாவின் எண்ணெயைக் குடித்தனவோ.

நான் சாஜிதா, கணக்குப் பிரிவு.
எனக்கு இந்த மொழி தெரியாது.
தெரியாது என்றால்
வெளியே நிற்கும் மாங்காய் பழுக்காமல் காத்திருக்குமா?

கேட்காத இடமில்லை.
விடியும்போது உருகுவேயிலிருந்து ஒரு படம் வந்தது:
பக்கம் 188, 189.
சற்றே கோணல்.
ஓரத்தில், புத்தகம் மூடிவிடாமல் அழுத்திய
ஒரு கட்டைவிரல்.
நகத்தடியில் நீல மை.

தொண்ணூற்றாறு: பதிவின் நீளமும்
நீ சொன்ன நீளமும் ஒவ்வவில்லை.

ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து இடம்.
போச்சம்பள்ளிக்கு ஆங்கிலத்தில் பதினொன்று.
கடைசி எழுத்து வெட்டுப்படுவது பொறுக்காமல்
போன வாரம் யாரோ
ஒரு இடம் கூட்டியிருக்கிறார்கள்.
அந்தப் பரிவு எனக்குப் புரிகிறது.
திட்டவும் செய்தேன்.

அதே பக்கத்தின் அடியில் இன்னொன்று படித்தேன்.
காசுக்கு முன் வரும் புள்ளியை
இந்த மொழி எழுதி வைப்பதில்லை.
ஐந்து இலக்கம், ஒரு வீ, இரண்டு இலக்கம்.
வீ நிற்கும் இடத்தில்
புள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.
தட்டில் கிடப்பது 1284050.
பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் ஐம்பது காசா,
பன்னிரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐம்பதா,
தட்டுக்குத் தெரியாது.
காகிதத்துக்குத் தெரியும்.

ஓலையில் எழுதியவர்களும் புள்ளி வைக்கவில்லை.
குத்தினால் ஓலை கிழியும்.
படிக்கிறவனுக்குத் தெரியும் என்று விட்டார்கள்.
தெரிந்தவன் இருந்தவரைக்கும் சரி.

பத்து மணிக்கு டிராக்டர்கள் நகர்ந்தன.
மகராஜகடை திம்மக்கா
சீட்டில் பெருவிரலை உருட்டி வைத்தாள்,
நோட்டுகளை இரண்டு முறை எண்ணினாள்,
ஐம்பது காசு எங்கே என்றாள்.

உருகுவேக்காரர் பதிலுக்குக் கேட்டது
பின்னிணைப்பு மூன்று.
அவர் ஊர் குடிநீர் வாரியத்தில்
இதே மொழி இன்னும் ரசீது போடுகிறதாம்.
ஒன்றை அனுப்புவதற்கு
எல்லாவற்றையும் அனுப்பலாம் என்று தோன்றியது.

டயர் கம்பெனிக்கு அனுமதி கேட்டு மூன்று கடிதம்.
மூன்றுக்கும் பதிலில்லை.
மாங்காய் வரத்து நின்றபின்
ரவுண்டானா பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
நாலு ஞாயிற்றுக்கிழமை.
நாகோஜி ரசீதில் எழுதினார்:
கோபால் புத்தகம், 412.
"யாரும்மா அந்த கோபால்? பழைய மேனேஜரா?"
கோபால் இல்லை, கோபோல் என்றேன்.
அவர் திருத்தவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தாயிற்று.
முதல் பக்கத்துக்கு முன் ஒரு தாள் சேர்த்தேன்:

இதில் இருப்பது நானூற்று எட்டு,
கடன் வாங்கியது நான்கு.
பின்னிணைப்பு ஐந்து எங்கள் இருவரிடமும் இல்லை,
வைத்திருப்பவர் அனுப்பவும்.
பக்கம் 63-ல் மஞ்சளாகத் தெரிவது மாங்கூழ்.
மொழியின் பகுதி அல்ல.
188-ல் உள்ள விரல் உருகுவே.
240-ல் உள்ளது என்னுடையது.